பனிக்கண்டமும் கணப்புச் சட்டியும்

மார்கழி விடியலில் காவிரியில் ஒரு முழுக்குப் போட்டாலே திருவிடைமருதூர்க்காரர்களான நமக்குப் பல் தந்தி அடிக்கும். நம் பக்கத்து மனிதர் ஒருவர் ஓராண்டுக்கு மேல் அண்டார்க்டிகாவில் இருந்துவிட்டு வந்தவர் என்றால் வியப்பாக இல்லையா? நன்னிலத்தை அடுத்த சன்னாநல்லூரைச் சேர்ந்த கர்னல் கணேசன்தான் அவர். 1987-ல் புறப்பட்டு 1989-ல் திரும்பிய குழுவுக்குத் தலைவராக, தட்சிண கங்கோத்ரி நிலையத்தில் குளிர்காலம் முழுவதையும் கழித்தவர்.

நம் நாட்டார் அங்கே முதலில் கால் வைத்தது 1982 ஜனவரி 9-ல். டாக்டர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து கப்பலில் போனார்கள். அது கோடைக்காலப் பயணம். 1984-ல்தான் 12 பேர் முதன்முதலாகக் குளிர்காலத்துக்கும் அங்கேயே தங்கினார்கள். சுமார் இரண்டு மாதம் சூரியனே எழாது. கடல் உறைந்துவிட்டால் கப்பலும் வராது. நோய் வந்தால் கூட இருக்கும் மருத்துவரே கதி.

அந்த மருத்துவருக்கே நோய் வந்தால்? 1961-ல் ரஷ்யர்களின் நோவோலாசரெவ்ஸ்காயா நிலையத்தில் அப்படித்தான் ஆயிற்று. ரோகோசொவ் என்ற 27 வயது டாக்டருக்குக் குடல்வால் அழற்சி. பனிப்புயலில் விமானம் வர வழியில்லை. கண்ணாடியைப் பிடிக்கவும் கருவிகளை எடுத்துக் கொடுக்கவும் தோழர்களைப் பழக்கிவிட்டு, தன் வயிற்றைத் தானே அறுத்து, குடல்வாலை எடுத்துத் தைத்துக்கொண்டார். இரண்டே வாரத்தில் வேலைக்கும் திரும்பினார். நம் மைத்ரி நிலையம் பின்னாளில் எழுந்தது அதே வட்டாரத்தில்தான்.

அதனால்தான் போகிறவர்களை டெல்லி எய்ம்ஸில் தலை முதல் கால் வரை சோதிக்கிறார்கள். பிறகு உத்தராகண்ட் ஆலியில் பனியில் நடக்கவும் தங்கவும் பயிற்சி. காற்று மிகவும் வறண்டது, ஆகவே தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும், கறுப்புக் கண்ணாடி கட்டாயம். தனியாக வெளியே போகக் கூடாது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் 1990 ஜனவரியில் நம்மவர் நால்வரைப் பறிகொடுத்தோம். ஒன்பதாவது பயணத்தில் மலைப்பகுதியில் முகாமிட்டிருந்தவர்கள் அவர்கள். குளிரில் விறைத்துச் சாகவில்லை. கூடாரத்துக்குள் சேர்ந்த கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிட்டது. அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. பிராணவாயு உட்கார வேண்டிய இடத்தை ரத்தத்தில் அது பிடித்துக்கொள்ளும்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் சிறுவனாக இருந்தபோது, ஒரு மார்கழியில் என் அக்காவுக்கு வீட்டிலேயே பிரசவம். ஈரக்காற்று பட்டால் ஜன்னி வரும் என்று ஜன்னலைச் சாக்கால் அடைத்து, கதவையும் சாத்தி, கட்டிலடியில் கணப்புச் சட்டி நிறையக் கரி போட்டு வைத்தார்கள். நடுராத்திரி அக்கா தலை வெடிக்கிறது என்றாள். வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சில்லை. குழந்தையும் துவண்டு கிடந்தது. எல்லோரும் காற்றுச் சேஷ்டை என்று வேப்பிலை தேட ஓடினார்கள். அப்பாயி மட்டும், "மூச்சு முட்டுதுடா, கதவைத் தொறங்கடா!" என்று கத்தி, சாக்கைப் பிடுங்கி எறிந்து, இருவரையும் கூடத்துக்குக் கொண்டுவரச் செய்தாள். பிழைத்துக்கொண்டார்கள். அந்தக் குழந்தைக்கு இன்று பேரன் இருக்கிறான்.

கார்பன் மோனாக்சைடு என்ற பெயரே அப்பாயிக்குத் தெரியாது. ஆனால் பனிக்கண்டத்துக்குப் போகிறவன் படிக்க வேண்டிய பாடத்தை அவள் அறிந்திருந்தாள். குளிருக்குப் பயந்து காற்றை அடைக்கக் கூடாது.

இப்போது கணப்புச் சட்டி போய்விட்டது. குளியலறையில் கேஸ் கீசரும், மின்வெட்டுக்கு ஜெனரேட்டரும் வந்துவிட்டன. வாயு அதேதான். கீசர் இருக்கும் அறையில் காற்றுப் போக வழி வையுங்கள். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டாதீர்கள். அடைத்த அறையில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலி என்றால், மாத்திரை தேடாமல் முதலில் எல்லோரையும் வெளியே கூட்டி வாருங்கள்.