டிவிஐயிலிருந்து பிடிஎஃபுக்கு

டெக் மென்பொருள் அச்சுக்கோத்துத் தரும் டிவிஐ கோப்பைப் பிடிஎஃபாக்கும் நிரல்கள் டிவிஐ மாற்றிகள் எனப்படுகின்றன. இவற்றுக்குத் திரையில் ஜன்னலும் கிடையாது, பொத்தானும் கிடையாது. முனையத்தில் நிரலின் பெயரையும் கோப்பின் பெயரையும் தட்டி என்டரை அழுத்தினால் பக்க எண்கள் சதுர அடைப்புக்குள் வரிசையாக ஓடும். இத்தனை பைட் எழுதப்பட்டது என்று கடைசியில் ஒரு வரி வரும், அவ்வளவுதான். டிவிஐபிஎஸ், டிவிஐபிடிஎஃப்எம், டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ், எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் என்று தலைமுறைக்குத் தலைமுறை பெயர் நீண்டுகொண்டே போயிருக்கிறது. இந்த இடைப்படியே இனி வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் முடிவுகட்டியவர்கள் உண்டு. ஜப்பானியமும் கொரியமும் பிறகு இந்திய மொழிகளும் கணினி அச்சுக்கு வந்தபோது, வேண்டாம் என்றதே மறுபடி தேவைப்பட்டது.

கதை 1977-இல் தொடங்குகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் கணினி அறிவியலாளர் டானல்ட் குனுத்துக்கு, 'தி ஆர்ட் ஆஃப் கம்ப்யூட்டர் புரோகிராமிங்' நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கான புரூஃப் வந்தது. முதல் பதிப்பு மோனோடைப் ஈய எழுத்தில் அச்சானது. இது புதிதாக வந்திருந்த ஒளியச்சுக்கோப்பு. எழுத்துகளின் தோற்றம் அவருக்குச் சகிக்கவில்லை. புத்தக வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு, அச்சுக்கோக்கும் மென்பொருளை எழுத உட்கார்ந்தார். அதுதான் டெக்.

அன்றைய அச்சுக் கருவிகளில் ஒன்றின் மொழி இன்னொன்றுக்குப் புரியாது. ஒவ்வொன்றுக்கும் டெக்கைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்க முடியாது. குனுத்துடன் பணிபுரிந்த டேவிட் ஃபுக்ஸ் 1979-இல் இதற்கு ஒரு வழி கண்டார். எந்தக் கருவியையும் சாராத பொது வடிவத்தில் டெக் எழுதி முடித்துவிடும். அதைப் படித்துத் தன் கருவிக்கேற்ப மாற்றிக்கொள்வது அந்தந்தக் கருவிக்கான சிறு நிரலின் பொறுப்பு. டிவிஐ பிறந்தது இப்படித்தான்.

ஒரு டிவிஐ கோப்பைப் பிரித்துப் பார்த்தால் அதன் சிக்கனம் ஆச்சரியப்படுத்தும். கட்டளை ஒவ்வொன்றும் ஒரு பைட்டில் தொடங்குகிறது. 0 முதல் 127 வரையிலான எண் வந்தால், நடப்பு எழுத்துருவில் அந்த எண்ணுள்ள எழுத்தை வைத்து அதன் அகலத்துக்கு வலப்புறம் நகர வேண்டும். 132 வந்தால் ஒரு கோடு. 139 பக்கத் தொடக்கம், 140 பக்க முடிவு. 141 இருக்கும் இடத்தை நினைவில் வைக்கும், 142 அந்த இடத்துக்கே திரும்பும். கோப்பின் வால்பகுதியில் 223 என்ற எண் குறைந்தது நான்கு முறை வரும்; மாற்றி நிரல் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து படித்தே எந்தப் பக்கம் எங்கே என்று கண்டுகொள்ளும். அளவுகளோ ஒரு புள்ளியை 65,536 கூறாக்கிக் கணக்கிடப்படுகின்றன. ஒரு கூறு கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு சிறியது. இவ்வளவு நுணுக்கத்தை எந்த அச்சு இயந்திரமும் காட்டிவிடாது. பக்கம் முழுக்கக் கூட்டிக்கொண்டே போகும்போது பிழை சேராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு.

இல்லாதவையும் கவனிக்க வேண்டியவை. டிவிஐயில் எழுத்தின் உருவம் கிடையாது; எழுத்துருவின் பெயர், அளவு, சரிபார்ப்பு எண் ஆகியவை மட்டுமே. கொத்தனார் கையில் கொடுத்த வரைபடம் மாதிரி, எந்தக் கல் எங்கே என்று இருக்கும், கல் இருக்காது. சொற்களுக்கிடையே இடைவெளி எழுத்தும் கிடையாது. இத்தனை தூரம் நகர் என்ற கட்டளைதான் வாசகர் கண்ணுக்கு இடைவெளியாகத் தெரிகிறது. தாளில் அச்சடிக்கும் வரை இதனால் ஒரு குறையும் வரவில்லை. பிடிஎஃபில் ஒரு சொல்லைத் தேட முற்பட்டபோதுதான், சொல் எங்கே முடிகிறது என்பதை மென்பொருள் தூரத்தை வைத்து ஊகிக்க வேண்டிய நிலை வந்தது.

1980களில் அடோபியின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழியும் ஆப்பிளின் லேசர்ரைட்டர் அச்சுப்பொறியும் வந்தன. தாமஸ் ரோக்கிக்கி எழுதிய டிவிஐபிஎஸ், டிவிஐயைப் போஸ்ட்ஸ்கிரிப்டாக்கியது. நெடுங்காலம் டெக் பயனர்களுக்கு அச்சிடுவது என்றாலே டிவிஐபிஎஸ்தான்.

அடோபியின் ஜான் வார்னாக் 1991-இல் 'கேமலட்' என்ற பெயரில் முன்வைத்த யோசனை, 1993-இல் அக்ரோபேட்டாகவும் பிடிஎஃபாகவும் சந்தைக்கு வந்தது. போஸ்ட்ஸ்கிரிப்டைப் பிடிஎஃபாக்கும் டிஸ்டில்லரின் விலை 695 டாலர். படிப்பதற்கான ரீடருக்கும் முதலில் 50 டாலர் கேட்டார்கள். இந்த விலைக்கு எந்த ஆராய்ச்சி மாணவரும் ஆசைப்பட்டிருக்க வாய்ப்பில்லை. அவர்களைக் காப்பாற்றியது பீட்டர் டாய்ச் 1988 முதல் வளர்த்து வந்த கோஸ்ட்ஸ்கிரிப்ட். டிவிஐபிஎஸ்ஸை ஓட்டி, வந்ததைக் கோஸ்ட்ஸ்கிரிப்டுக்குள் செலுத்தினால் இலவசமாகவே பிடிஎஃப் கிடைத்தது. இரண்டையும் ஒரே கட்டளையில் இணைக்கும் டிவிஐபிடிஎஃப் என்ற குட்டி ஸ்கிரிப்ட்டும் கோஸ்ட்ஸ்கிரிப்டோடு சேர்ந்தே வந்தது.

கிடைத்தது பிடிஎஃப்தான், ஆனால் திரையில் பார்க்கச் சகிக்காது. குனுத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக்கள் மெட்டாஃபான்ட் மொழியில் எழுதப்பட்டவை. டிவிஐபிஎஸ் அவற்றை 300 அல்லது 600 டிபிஐ பிட்மேப்பாக்கிக் கோப்பில் சேர்க்கும், பிடிஎஃபில் அது டைப் 3 எழுத்துருவாக உட்காரும். தாளில் கச்சிதமாக விழும் அதே பக்கம் பழைய அக்ரோபேட் ரீடரில் பல்லிளிக்கும். எழுத்தின் ஓரமெல்லாம் மங்கி, படிப்பவருக்குக் கண் வலிக்கும். எழுத்தின் வெளிக்கோட்டையே கணக்காக வைத்திருக்கும் டைப் 1 எழுத்துருதான் இதற்கு மருந்து. புளூ ஸ்கை ரிசர்ச், ஒய் அண்ட் ஒய் நிறுவனங்கள் அவற்றை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தன. 1997-இல் அமெரிக்கக் கணிதவியல் சங்கமும் சில பதிப்பகங்களும் கைகோத்து அவற்றை எல்லோருக்கும் இலவசமாக்கின. இந்த வரலாற்றில் எந்த நிரலையும்விடப் பெரிய திருப்பம் இதுதான் என்று சொல்லலாம். இன்றும் ஒரு பழைய பிடிஎஃபின்மீது பிடிஎஃப்ஃபான்ட்ஸ் கட்டளையை ஓட்டி, பட்டியலில் டைப் 3 என்று வந்தால், அந்தக் கோப்பு எந்த வழியாக வந்தது என்று அனுபவசாலிகள் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள். பல மாநாடுகள் அத்தகைய கோப்புகளை வாங்க மறுத்து எழுதியவருக்கே திருப்பி அனுப்புகின்றன.

போஸ்ட்ஸ்கிரிப்டைச் சுற்றிக்கொண்டு போவானேன் என்ற கேள்விக்கு 1996-இல் இரண்டு விடைகள் வந்தன. டெக் பயனர் குழுவின் இதழான டக்போட்டில் இரண்டையும் பார்க்கலாம். ஒன்று, ரஷ்யாவின் செர்கே லெசென்கோ எழுதிய, டிவிஐயை நேராகப் பிடிஎஃபாக்கும் நிரல். மற்றது செக் குடியரசின் பிர்னோ நகரிலிருந்து வந்தது. அங்கே மாசரிக் பல்கலைக்கழகத்தில் படித்த வியட்நாமிய மாணவர் ஹான் தே தான், டிவிஐயையே தூக்கிப்போட்டுவிட்டு டெக்கையே பிடிஎஃப் எழுத வைத்தார். பிடிஎஃப்டெக் என்று பெயர் பெற்ற அந்த மென்பொருள் வரியோரங்களை நுணுக்கமாகச் சீராக்கும் வித்தைகளையும் கற்றுக்கொண்டது. அதுதான் 2000-இல் அவரது முனைவர் பட்ட ஆய்வின் பொருள். ஒரே கட்டளையில் பிடிஎஃப் கிடைத்தது. டிவிஐபிஎஸ்ஸோடு போராடி ஒவ்வொரு புகைப்படத்தையும் இபிஎஸ் ஆக்கிக்கொண்டிருந்தவர்கள், ஜேபெக்கை அப்படியே வைக்கலாம் என்றதும் கூட்டமாக இடம்பெயர்ந்தார்கள். டிவிஐயின் கதை அத்தோடு முடிந்தது என்று தோன்றியதில் வியப்பில்லை.

ஆனால் 1990களின் இறுதியில் அமெரிக்காவின் மார்க் விக்ஸ் டிவிஐபிடிஎஃப்எம் என்ற நிரலை வெளியிட்டார். போஸ்ட்ஸ்கிரிப்ட் நடுவில் இல்லாமல் டிவிஐயிலிருந்து நேரே பிடிஎஃப். டிவிஐயின் கணக்கு தாளின் மேல் இடது மூலையிலிருந்து ஓரங்குலம் உள்ளே தள்ளித் தொடங்கிக் கீழ்நோக்கிப் போகும்; பிடிஎஃபின் கணக்கு கீழ் இடது மூலையில் தொடங்கி மேல்நோக்கி ஏறும். டெக்கில் அங்குலத்துக்கு 72.27 புள்ளி, பிடிஎஃபில் 72. இந்தத் தலைகீழ்க் கணக்கைச் சரிசெய்வதும், பயன்பட்ட எழுத்துகளை மட்டும் எழுத்துருவிலிருந்து பிரித்து உள்ளே வைப்பதும்தான் நிரலின் அன்றாட வேலை. படங்கள் விஷயத்தில் மட்டும் சிறு தொல்லை. படத்தின் நீள அகலம் டெக்குக்குத் தெரியாது என்பதால் முதலில் ஈபிபி என்ற துணைநிரலை ஓட்டி, படத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அளவுக்கோப்பை உண்டாக்கி வைக்க வேண்டியிருந்தது. தாளின் அளவையும் டிவிஐ சொல்லாது. பி என்ற தேர்வெழுத்தைப் போட்டு ஏ4 என்று குறிப்பிட மறந்து, அச்சடிக்கும்போது ஓரம் வெட்டுப்படக் கண்டவர்கள் ஏராளம்.

ஜப்பானில் ஆஸ்கி நிறுவனம் உருவாக்கிய பிடெக் எழுதுவது டிவிஐயைத்தான். ஆயிரக்கணக்கான கான்ஜி எழுத்துகளுக்கு 256 இடமுள்ள மேற்கத்திய எழுத்துரு எப்படிப் போதும்? ஃபுக்ஸின் முன்யோசனை இங்கே கைகொடுத்தது. நான்கு பைட் நீளம் வரையான எழுத்தெண்ணுக்கு டிவிஐயில் முதலிலிருந்தே கட்டளை இருந்தது. குனுத்தின் டெக் அதில் ஒரு பைட்டை மட்டுமே பயன்படுத்தியது, ஜப்பானியர்கள் அடுத்ததை எடுத்துக்கொண்டார்கள். இந்தப் பெரிய எழுத்துருக்களைப் பிடிஎஃபில் சேர்க்க, கொரியாவின் ஜின்-ஹ்வான் சோவும் ஜப்பானின் ஷுன்சாகு ஹிராட்டாவும் விக்ஸின் நிரலை விரித்தெழுதினார்கள். அதுவே டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ். இன்று டெக் லைவ் தொகுப்பில் பழைய பெயரைத் தட்டினாலும் ஓடுவது இந்தப் புதியதுதான்.

தமிழுக்கும் டெக்குக்கும் உறவு பழையது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெட்டாஃபான்டில் ஒரு தமிழ் எழுத்துரு உருவாகியிருந்தது. ரோமன் எழுத்தில் தட்டச்சு செய்து, தனி நிரலால் மாற்றி, அச்சிடலாம். அச்சு அழகாகவே விழும். பிடிஎஃபில் தேடினால் எதுவும் அகப்படாது. யுனிகோடு எழுத்துருக்களை அப்படியே கையாள ஜோனதன் கியூ 2004-இல் வெளியிட்ட ஸீடெக்தான் நிலைமையை மாற்றியது. வெளிப்பார்வைக்கு அதுவும் நேராகப் பிடிஎஃப் தருவது போலத்தான் இருக்கும். உள்ளே நடப்பது வேறு: எக்ஸ்டிவி என்ற நீட்டிக்கப்பட்ட டிவிஐயை அது எழுதி, எக்ஸ்டிவிஐபிடிஎஃப்எம்எக்ஸ் நிரலிடம் குழாய்வழி கொடுத்துவிடும். பழைய வடிவத்தில் 250 முதல் 255 வரை காலியாக விடப்பட்டிருந்த கட்டளை எண்களில் சிலவற்றில் புதிய எழுத்துரு வசதிகள் குடியேறின.

'கொடி' என்ற சொல்லை எடுத்துக்கொண்டால் இதன் அருமை விளங்கும். யுனிகோடில் முதலில் ககரம், அதன் பின்னே ஒகரக் குறி. தாளிலோ ஒற்றைக்கொம்பு முன்னே, ககரம் நடுவே, கால் பின்னே. பிடிஎஃபில் பதிவாவது தாளின் வரிசை. அதை நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் 'ெகாடி' என்று கொம்பு அந்தரத்தில் தொங்கும், தேடலும் தோற்கும். தமிழ் பிடிஎஃப்களோடு மல்லுக்கட்டிய யாருக்கும் இது பழகிய தலைவலி. எக்ஸ்டிவியின் 254-ஆம் கட்டளை எழுத்துருவங்களோடு மூல உரையையும் சேர்த்தே சுமக்கிறது. ஸீடெக்கில் அதற்கான ஒரு வரியை ஆவணத்தின் தொடக்கத்தில் எழுதினால், மாற்றி நிரல் அந்த மூல உரையைப் பிடிஎஃபின் ஆக்சுவல்டெக்ஸ்ட் இடத்தில் பதித்துவிடும். அதை மதிக்கும் படிப்பான்களில் நகலெடுத்தால் 'கொடி' கொடியாகவே வரும். இந்த வசதி இயல்பாக அணைந்தே இருக்கிறது என்பதுதான் வருத்தம். வெளிவரும் தமிழ் நூல்களின் பிடிஎஃப்களில் அந்த வரி இல்லாதவையே கண்ணில் படுகின்றன.

டிவிஐ இன்னும் ஓய்ந்துவிடவில்லை. டெக் லைவில் லாடெக் என்று மொட்டையாகத் தட்டினால் ஓடுவது பிடிஎஃப்டெக்கின் நிரல்தான், ஆனால் அது தருவது இன்றும் டிவிஐ. லுவாடெக் நேராகப் பிடிஎஃப் எழுதுகிறது, கேட்டால் டிவிஐயும் தரும். மார்ட்டின் கீசெக்கிங்கின் டிவிஐஎஸ்விஜிஎம் அதே டிவிஐயை இணையத்துக்கான எஸ்விஜி படமாக்குகிறது. யூடியூபில் கணிதம் சொல்லும் 3புளூ1பிரவுன் அலைவரிசைக்காக கிராண்ட் சாண்டர்சன் உருவாக்கிய மானிம் மென்பொருள், திரையில் உருமாறி நகரும் சமன்பாடுகளை இந்த வழியில்தான் பெறுகிறது.