தன் படைப்பைத் தானே படம் பிடித்தவர்கள்

சுவரில் மாட்டிய சித்திரத்தைப் புகைப்படம் எடுப்பது எளிய காரியம் என்று நேயர்கள் எண்ணலாம். சித்திரம் அசைவதில்லை, கண் இமைப்பதில்லை. ஆயினும் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரையில் அது பெருந்தொல்லை தந்த வேலையாகவே இருந்தது.

தொல்லைக்குக் காரணம் இரசாயனம். அக்காலத்துக் கண்ணாடித் தகட்டில் பூசிய வெள்ளி உப்பு, நீல ஒளிக்கு விரைந்து இணங்கும். சிவப்புக்கோ ஏறக்குறையக் குருடு. ஓவியன் ஆழ்ந்த நீலத்தில் தீட்டிய வானம் படத்தில் வெளுத்துவிடும். சுடர்விடும் செம்பட்டு கரியாகிவிடும். எது முன்னே வரவேண்டும், எது பின்னே ஒதுங்கவேண்டும் என்று அவன் வகுத்த ஒழுங்கே தலைகீழாகும். சில சாயங்களைச் சேர்த்தால் தகடு பிற நிறங்களையும் உணரும் என்று 1873-ல் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் வோகல் கண்டறிந்தார். 1906-ல் எல்லா நிறங்களையும் உணரும் தகடுகள் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தன.

இருப்பினும் ஒரு வினா எஞ்சியது. கருவியின் முன் மஞ்சள் கண்ணாடியை வைத்தால் நீலம் இருளும். சிவப்புக் கண்ணாடியை வைத்தால் செம்மை வெளுக்கும். எந்த நிறத்துக்கு எந்தச் சாம்பல் என்பதை யார் தீர்மானிப்பது?

நானே என்றார் அமெரிக்க ஓவியர் மான் ரே. பிறர் எடுத்த படங்களில் மனநிறைவு கொள்ளாமல், தம் ஓவியங்களைப் பதிவு செய்வதற்காகவே 1915-ஐ ஒட்டி அவர் ஒரு புகைப்படக் கருவி வாங்கினார். பிற்காலத்தில் உலகம் அவரைப் புகைப்படக் கலைஞராகவே கொண்டாடியது. ஓவியர் என்னும் பெயரையே பெரிதும் விரும்பியவருக்கு இது ஒரு விந்தையான பரிசு!

சிற்பத்தில் சிக்கல் இன்னும் பெரிது; ஒளி விழும் திசை மாறினால் உருவமே மாறும். ருமேனியாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த சிற்பி பிரான்குஷியைக் காண 1920-களில் மான் ரே சென்றார். அப்போது சிற்பி, தம் நியூயார்க் கண்காட்சியின்போது ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் எடுத்த படமொன்றைக் காட்டினாராம். படம் அழகானது, ஆனால் அதில் என் சிற்பம் இல்லை என்பது அவர் குறை. ஸ்டீக்லிட்ஸோ அக்காலத்துப் புகைப்படக்காரர்களுள் தலைசிறந்தவர். ஆகவே இதை வெறும் செருக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. பிறர் கண் எவ்வளவு தேர்ந்ததாயினும், அது பிறர் கண்தானே?

மான் ரேயின் துணையோடு பிரான்குஷி கருவியும் முக்காலியும் வாங்கினார். சிற்பக்கூடத்தின் ஒரு மூலையில் இருட்டறை கட்டிக்கொண்டார். சில காலத்துக்குப் பின் அவர் காட்டிய படங்களில் சில மங்கல், சிலவற்றில் கீறல், சிலவற்றில் புள்ளி. தொழில் தெரிந்தவர் கிழித்தெறியக்கூடியவை. தம் சிற்பங்களை இப்படித்தான் காட்டவேண்டும் என்று அவர் சாதித்தார் என்கிறார் மான் ரே, 1963-ல் வெளிவந்த தன்வரலாற்றில். ஒரு படத்தில் பொன்னிறப் பறவைமீது கதிரொளி பாய்ந்து, உலோகமே வெடித்துச் சுடர்வது போலத் தோன்றியதாம். மெருகேற்றிய வெண்கலத்தில் சிற்பி தேடியது அந்த ஒரு கணத்தைத்தான். அளவோடு ஒளி பாய்ச்சி எடுத்த செப்பமான படத்தில் அது அகப்படாது.

1957-ல் பிரான்குஷி மறைந்தார். பிரெஞ்சு அரசுக்கு அவர் விட்டுச்சென்ற சிற்பக்கூடத்தில் கல்லும் மரமும் வெண்கலமும் மட்டுமல்ல, அவரே எடுத்த 500-க்கும் மேற்பட்ட புகைப்படத் தகடுகளும் இருந்தன. விற்றுப்போன சிற்பங்கள் ஒருகாலத்தில் அக்கூடத்தில் எந்தப் பீடத்தில், எதன் அருகே நின்றன என்பதை ஆராய்ச்சியாளர்கள் அந்த மங்கலான படங்களைக் கொண்டே அறிகிறார்கள்.