ஓய்வில் கெட்ட இயந்திரம்

1965இல் சிகாகோவின் காட்லீப் ஆலையிலிருந்து பந்தைத் தட்டி ஆடும் ‘கிங்ஸ் அண்ட் குயின்ஸ்’ என்ற பின்பால் மேசை வெளிவந்தது. வடிவமைத்தவர் வேய்ன் நேயன்ஸ். ஓவியம் ராய் பார்க்கர். மேசை பிறந்த சிகாகோவிலேயே பின்பால் ஆட வெகுகாலம் தடை. நியூயார்க்கில் 1942 முதல் 1976 வரை தடை. சூதாட்டக் கருவி என்று பழி. ஆகவே ஆட விட்ட ஊர்களின் மதுக்கடைகளுக்கு லாரி ஏறிப் போயின இந்த மேசைகள். இதே வகை மேசை ஒன்று 1975இல் ‘டாமி’ படத்திலும் தலைகாட்டியது.

மேசைக்குள்ளே மின்னணுச் சில்லு கிடையாது. ரிலேக்களும் காயில்களும் கட்டுக்கட்டாக ஒயரும்தான். 50 புள்ளி விழுந்தால் சின்ன மோட்டார் ஒன்று சுற்றி, சுவிட்சை ஐந்து முறை தட்டும். பத்தாம் இடத்து எண் உருளை ஐந்து படி ஏறும், மணியும் ஐந்து முறை அடிக்கும். கணக்கு காதில் விழும்! மின்சாரம் நின்றாலும் உருளைகள் நின்ற எண்ணிலேயே நிற்கும். இதைவிட நேர்மையான நினைவகம் இருக்க முடியுமா, தெரியவில்லை.

கடையில் இருந்தவரை உண்டியலைத் திறக்க வருகிறவர் கையோடு பழுதும் பார்த்துவிட்டுப் போவார். 1970களின் பிற்பாதியில் மின்னணு மேசைகள் வந்ததும், பழையவை வீட்டு நிலவறைக்கும் கார் ஷெட்டுக்கும் போய்ச் சேர்ந்தன. கேடு அங்கேதான் தொடங்கியது. படிப்படியாக நகர்ந்து கணக்கு வைக்கும் பகுதிகளில் தடவிய கிரீஸ் பிசினாக இறுகியது. சுவிட்ச் முனைகளில் கருமை படிந்தது. ஈரம் பட்ட முகப்புக் கண்ணாடியில் ஓவியம் செதில் செதிலாக உரிந்தது. உரிந்த ஓவியத்துக்கு மட்டும் எளிய மருந்தில்லை.

மற்றவற்றுக்கு மருந்து பெரும்பாலும் துடைப்பதுதான். கிரீஸ் இறுகிய பகுதிகளைக் கழற்றிக் கழுவ வேண்டும். அவசரக்காரர்கள் எண்ணெய் தெளித்து விடுகிறார்கள். அது தூசியை இழுத்துப் புது வம்பு வளர்க்கும். சுவிட்சுகளின் வெள்ளி முனைகளை அழுத்தி அராவினால் வெள்ளியே போய்விடும். லேசாகத் தேய்த்தால் போதும். பந்தைத் தட்டும் ஃபிளிப்பரின் டங்ஸ்டன் முனைக்கு மட்டும் சின்ன அரம் வேண்டும். பிறகு சுவிட்ச் தகடுகளை வளைத்து இடைவெளி சரிசெய்வது; பொறுமைக்காரர் வேலை.

இதற்கெல்லாம் முன்பு, பிளக்கைச் செருகாமல் ஃபியூஸ்களைப் பார்க்க வேண்டும். கடை நாட்களில் ஆட்டம் நிற்கக் கூடாதென்று யாரோ அளவுக்கு மீறிய ஃபியூஸைச் சொருகியிருப்பார். அதை மாற்றாமல் சுவிட்சைப் போட்டால், எங்காவது ஒட்டிக்கொண்ட ரிலே ஒன்று காயிலைக் கருக்கிவிடும்.