ஒரு மாளிகையின் அத்திவாரம்

மன்னர்களின் கோட்டைகளையும் பிரபுக்களின் மாளிகைகளையும் வரலாற்றுச் சின்னங்களாகப் பேணுவது உலக வழக்கம். அம்மாளிகைகளினுள்ளே விறகு சுமந்தவர்களும், உணவு சமைத்தவர்களும், எசமானரின் குழந்தைகளை வளர்த்தவர்களும் எங்கே வாழ்ந்தார்கள் என்று கேட்பார் அரிது. சில வேளைகளில் மண்ணைத் தோண்டும்போது அந்தக் கேள்வி தானாகவே எழுந்துவிடுகின்றது. ஐக்கிய அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் அவ்வாறுதான் நிகழ்ந்தது.

அந்நகரின் நடுவே சுதந்திர தேசிய வரலாற்றுப் பூங்கா அமைந்துள்ளது. 1776இல் சுதந்திரப் பிரகடனம் நிறைவேறிய மண்டபமும், புகழ்பெற்ற சுதந்திர மணியும் அங்கேதான் உள்ளன. அந்த மணி வைக்கப்பட்டுள்ள கட்டடத்தின் வாசலருகே, மார்க்கட் வீதியோரமாக, கண்ணாடிக்குக் கீழே பழைய சுவர்களின் அடிப்பகுதிகள் சில தெரிகின்றன. பிலடெல்பியா நாட்டின் தலைநகராக விளங்கிய காலத்தில் ஜனாதிபதியின் இல்லமாக இருந்த வீட்டின் எச்சங்கள் அவை. 1790 முதல் 1797 வரை ஜோர்ஜ் வாஷிங்டனும், அவருக்குப் பின் 1800 வரை ஜோன் அடம்ஸும் அங்கே வாழ்ந்தனர்.

இத்தகைய வீட்டைத் தேசம் கண்ணெனக் காத்திருக்கும் என்றே நாம் நினைப்போம். ஆனால் நடந்தது வேறு. தலைநகர் இடம்மாறியபின் அது விடுதியாயிற்று. 1832இல் அதன் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சி நின்ற பக்கச் சுவர்களும் 1951இல் வீழ்த்தப்பட்டன. சுதந்திரத்தின் நினைவாக ஒரு திறந்த வெளியை அமைப்பதற்காகவே அவை வீழ்த்தப்பட்டன என்பதுதான் வேடிக்கை! பின்னர் அவ்விடத்தில் எழுந்தது ஒரு பொது மலசலகூடம். அதே பூங்காவில், 1812இல் இடிக்கப்பட்ட பெஞ்சமின் பிராங்ளினின் வீட்டுக்கு வேறு மரியாதை கிடைத்தது. அந்த வீட்டின் உருவரையை 1976இல் உருக்குச் சட்டங்களால் எழுப்பி நிறுத்தினார்கள்.

2002இல் எட்வேட் லோலர் என்ற ஆய்வாளர் வாஷிங்டன் வாழ்ந்த இவ்வீட்டின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். அங்கே வாஷிங்டன் வெவ்வேறு காலங்களில் ஒன்பது அடிமைகளை வைத்திருந்தார் என்பதும், அவர்களிற் சிலரின் உறைவிடம் சுதந்திர மணிக்குப் புதிதாகக் கட்டப்படும் மண்டபத்தின் வாசலருகே அமைந்திருந்தது என்பதும் பொதுமக்களுக்குத் தெரியவந்தன. கறுப்பின மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அந்த ஒன்பது பேரின் பெயரும் அங்கே பொறிக்கப்பட வேண்டும் எனப் போராடினர். அதன் விளைவாக 2007இல் அகழாய்வு தொடங்கியது. மேடையில் நின்று அதனைப் பார்த்தோர் தொகை மூன்று இலட்சம் வரையில் என்பர்.

மண்ணுக்கடியில் வெளிப்பட்டவை மூன்று. ஒன்று, விருந்தினரை வரவேற்பதற்காக வாஷிங்டன் அமைத்த வளைவுச் சாளரத்தின் அத்திவாரம். மற்றொன்று சமையற்கூடத்தின் அத்திவாரம். மூன்றாவது, சமையற்கூடத்திலிருந்து வீட்டுக்குச் செல்லும் நிலக்கீழ்ப் பாதை. பணியாட்கள் விருந்தினரின் கண்ணிற் படாது வந்துபோவதற்கு அந்தப் பாதை உதவியது. மேலே குடியரசின் வரவேற்பறை. கீழே அடிமையின் நடைவழி. ஒரு சமுதாயத்தின் அமைப்பை இதைவிடத் தெளிவாக எந்த நூல் சொல்லும்?

பென்சில்வேனியா மாநிலம் 1780இலேயே அடிமைமுறையைப் படிப்படியாக ஒழிக்கச் சட்டம் இயற்றியிருந்தது. வெளி மாநிலத்தவர் கொண்டுவரும் அடிமை ஆறு மாதம் தொடர்ந்து அங்கே தங்கினால் விடுதலை கோரலாம். வாஷிங்டன் என்ன செய்தார்? அக்கெடு முடியுமுன் அடிமைகளை மாநில எல்லைக்கு அப்பால் அனுப்பி மீண்டும் அழைத்துக்கொண்டார். அடிமைகளும் பொதுமக்களும் உண்மையான காரணத்தை அறியாதவாறு ஏதேனும் சாக்குச் சொல்லி இதனைச் செய்யும்படி 1791 ஏப்ரலில் தமது செயலாளருக்குக் கடிதமும் எழுதினார். இத்தகைய தந்திரத்தை 1788ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தடைசெய்திருந்தது. தப்பியோடும் அடிமைகளைப் பிடித்துக் கொடுக்க வழிசெய்யும் 1793ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒப்பமிட்டவரும் அவரே.

அச்சட்டத்திற்கும் அஞ்சாதவள் ஓனி ஜட்ஜ் என்னும் இளம்பெண். வாஷிங்டனின் மனைவி மார்தாவின் தோழிப்பெண்ணாக அவள் இருந்தாள். தன்னை மார்தாவின் பேத்திக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்றறிந்ததும் உறுதிகொண்டாள். 1796 மே 21ஆம் நாள், குடும்பத்தினர் உணவருந்திக்கொண்டிருந்த வேளையில் வீட்டைவிட்டு வெளியேறினாள். அவளைப் பிடித்துத் தருவோருக்குப் பத்து டொலர் வெகுமதி என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. கப்பலேறி நியூ ஹம்ஷயர் சேர்ந்த அவளை மீட்க வாஷிங்டன் மீண்டும் மீண்டும் முயன்றார், பலிக்கவில்லை. கணவனும் பிள்ளைகளும் அவளுக்கு முன்பே மறைந்தனர். வறுமையே வாழ்வாயிற்று. ஆயினும் முதுமையில் தன்னைக் கண்டு பேசிய பத்திரிகையாளரிடம், தப்பி வந்ததற்காகத் தான் வருந்தவில்லை என்றே அவள் கூறினாள். 1848இல் அவள் இறந்தபோதும் சட்டத்தின் கண்ணில் அடிமையாகவே இருந்தாள்.

2010 டிசெம்பரில் அந்த இடிபாடுகளின்மேல் நினைவிடம் திறக்கப்பட்டது. ஒஸ்டின், பாரிஸ், ஹேர்க்கியூலிஸ், கிறிஸ்தோபர் ஷீல்ஸ், ரிச்மண்ட், ஜைல்ஸ், ஓனி ஜட்ஜ், மோல், ஜோ என்னும் ஒன்பது பெயர்களும் கல்லிற் பொறிக்கப்பட்டன. ஆனால் போராட்டம் அத்துடன் ஓயவில்லை. 2026 ஜனவரியில் அடிமைமுறையை விளக்கிய பலகைகளை மத்திய அரசின் பூங்காச் சேவை கழற்றி அகற்றியது. மாநகர நிர்வாகம் வழக்குத் தொடுத்தது. பெப்ரவரியில் அவற்றை மீள வைக்குமாறு நீதிமன்றம் கட்டளையிட்டது.

இடிபாடுகள் தாமாகப் பேசுவதில்லை. எந்தச் சுவரைக் காப்பது, எதனை மூடுவது, யாருடைய பெயரை எழுதுவது என்பவற்றை அவ்வக் காலத்து அதிகாரமே தீர்மானிக்கின்றது. எனினும் பிலடெல்பியாவில் அத்தீர்மானத்தை மக்கள் ஒருமுறை மாற்றிக் காட்டியிருக்கிறார்கள். ஜனாதிபதியின் சாளரத்திற்கு அடிமையின் சமையற்கூடம் எத்தனை அருகில் இருந்தது என்பதை இனி எவராலும் மறுக்க இயலாது.