குடலை இட்லி: பெயரில் இருக்கும் கூடை

காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்கு நிவேதனமாகும் இட்லிக்குக் கோயில் இட்லி என்று ஒரு பெயர், குடலை இட்லி என்று இன்னொரு பெயர். இந்தக் குடலை, இட்லி ஆகிய இரண்டு சொற்களில் ஆவியோடு உறவுள்ளது எது?

'இட்டு அவிப்பதால் இட்டவி, அதுவே இட்லி' என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சான்றுகள்தான் இடம் கொடுக்கவில்லை. 10ஆம் நூற்றாண்டுக் கன்னட நூலான வட்டாராதனையில் 'இட்டலிகெ' வருகிறது. 12ஆம் நூற்றாண்டு வடமொழி மானசோல்லாசத்தில் 'இட்டரிகா'. அரிசி சேர்ப்பதோ, மாவைப் புளிக்கவைப்பதோ, ஆவியில் வேகவைப்பதோ இந்தப் பழங்குறிப்புகளில் இல்லை என்று உணவு வரலாற்றறிஞர் கே.டி. அச்சயா சுட்டிக்காட்டினார். பெயர் முந்தியது, ஆவி பிந்தியது என்றால் 'அவி'யை வேராகக் கொள்வது எப்படி?

குடலை என்பது மூங்கிலாலோ ஓலையாலோ பின்னிய கூடை. பூக்குடலை இன்றும் வழக்கில் உண்டு. குடம், குடுவை, குடை ஆகியவற்றோடு சேர்த்துப் பார்த்தால் உட்குழிவு என்ற பொருள் தெளிவாகிறது.

அந்தக் குழிவில்தான் வாயுவின் வேலை நடக்கிறது. மந்தாரை இலை பரப்பிய குடலையில் மிளகு, சீரகம், சுக்கு, நெய் சேர்ந்த மாவை ஊற்றும்போது மேலே கொஞ்சம் இடம் விடவேண்டும். புளித்த மாவுக்குள் கரியமில வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. அழுத்தம் மாறாமல் வெப்பம் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்கு ஏறினால், சார்லஸ் விதிப்படி வாயுவின் பருமன் சுமார் 23 விழுக்காடு கூடும். மாவின் ஈரமும் ஆவியாகிக் குமிழ்களில் சேர, இட்லி இன்னும் உப்பும். வெந்ததை வில்லையாக நறுக்கினால் தெரியும் துளைகள் அந்தக் குமிழ்களின் தடம்.

குடலையின் இடுக்குகள் வழியாக ஆவி போய்வருகிறது. அழுத்தம் ஏறுவதில்லை, வெப்பமும் 100 டிகிரியைத் தாண்டுவதில்லை. இவ்வளவு பருத்த இட்லியின் நடுப்பகுதி வேக மணிக்கணக்காவது இதனால்தான். குக்கரில் வெயிட் போட்டால் 120 டிகிரி வரை ஏறும், சீக்கிரமும் வேகும். ஆனால் அழுத்தம் இரட்டிப்பாகும். பாயில் விதிப்படி, வெப்பம் ஒன்றாக இருந்தால் குமிழ் பாதியாகச் சுருங்கும். இட்லிக்குக் குக்கர் வைக்கும் வீடுகளில் வெயிட்டை எடுத்துவிடுவதன் காரணம் இதில் இருக்கிறது.

ஆக, ஆவிக்கு வழிவிட்ட பாத்திரமே பெயராக நின்றிருக்கிறது. மிளகும் சுக்கும் போட்டுத் தட்டில் ஊற்றி எடுத்தால் அது மிளகு இட்லி. குடலையில் வேகாததைக் குடலை இட்லி என்பது பெயர்ப் பிழை.