ஸ்காட்லாந்து சுதந்திர பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை: தோற்றமும் நம்பிக்கைகளும்

ஸ்காட்லாந்து சுதந்திர பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை 1893ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு சிறிய, பழமை பேணும் சீர்திருத்தத் திருச்சபை ஆகும். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலப் பகுதிகளிலும் மேற்குத் தீவுகளிலும் கேலிக் மொழி பேசிய மக்களிடையே இது வேரூன்றியது. அயர்லாந்தின் வடபகுதியில் இயன் பெய்ஸ்லி 1951இல் தொடங்கிய அல்ஸ்டர் சுதந்திர பிரெஸ்பிட்டேரியன் திருச்சபை பெயரால் இதை ஒத்தது. ஆயினும் இரண்டும் வெவ்வேறானவை.

பின்னணி

'பிரெஸ்பிட்டர்' என்னும் கிரேக்கச் சொல்லுக்கு மூப்பர் என்று பொருள். பேராயர்கள் இன்றி, போதகர்களும் சபையாரால் தெரிந்தெடுக்கப்பட்ட மூப்பர்களும் கூடி நடத்தும் ஆட்சிமுறையே பிரெஸ்பிட்டேரியன் முறை. 1560இல் ஜான் நாக்ஸ் முதலானோரின் முயற்சியால் ஸ்காட்லாந்து சீர்திருத்தச் சமயத்தை ஏற்றது. அடுத்த நூற்றாண்டில், லண்டனில் கூடிய இறையியலாளர் பேரவை 1646இல் எழுதி முடித்த வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் கொள்கை ஆவணமாயிற்று.

போதகரை நியமிக்கும் உரிமை நிலக்கிழாருக்கா, சபையாருக்கா என்ற வழக்கு பத்தொன்பதாம் நூற்றாண்டில் முற்றியது. நீதிமன்றங்கள் நிலக்கிழார் பக்கம் நின்றன. 1843இல் தாமஸ் சால்மர்ஸ் தலைமையில் 450க்கும் மேற்பட்ட போதகர்கள் வீட்டையும் ஊதியத்தையும் துறந்து வெளியேறி, ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையை அமைத்தனர். 'சுதந்திரம்' என்ற அடைமொழி அரசின் தலையீடு இல்லாமையைக் குறித்தது. இந்நிகழ்வின் அலை சென்னையையும் எட்டியது. 1837இல் இங்கே பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் சுதந்திரத் திருச்சபையின் பக்கம் சேர்ந்தார். அப்பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது.

1892ஆம் ஆண்டின் விளக்கச் சட்டம்

அரை நூற்றாண்டுக்குள் சுதந்திரத் திருச்சபைக்குள்ளேயே கருத்துகள் மாறின. விவிலியத்தை வரலாற்று நோக்கில் ஆராயும் புதிய முறை கல்லூரிகளில் பரவியது. கடவுள் சிலரை மீட்புக்கென்று முன்குறித்தார் என்னும் கால்வினின் போதனை பலருக்குக் கடுமையாகத் தோன்றியது. ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையுடன் இணைய வேண்டும் என்ற விருப்பமும் வலுத்தது. இந்தச் சூழலில் பொதுப்பேரவை 1892இல் ஒரு விளக்கச் சட்டத்தை நிறைவேற்றியது.

இச்சட்டம் விசுவாச அறிக்கையில் ஒரு வரியைக் கூட நீக்கவில்லை. அதை எவ்விதம் புரிந்துகொள்ளலாம் என்று மட்டும் கூறியது. சீர்திருத்த விசுவாசத்தின் சாரத்தைச் சேராத செய்திகளில் மாறுபட்ட கருத்துக்கு இடம் உண்டு என்றது. எது சாரம், எது சாரமன்று என்ற ஐயம் எழுந்தால் அதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தைத் திருச்சபைக்கே அளித்தது. ஆதரித்தவர்கள் இதை மனச்சான்றுக்குத் தரப்பட்ட ஆறுதலாகக் கண்டனர். எதிர்த்தவர்களோ, இனி விசுவாசத்தின் எல்லையைப் பேரவையின் பெரும்பான்மை வாக்கே வரையும், இன்று ஒன்று சாரமாகும், நாளை அது சாரமன்று என்றாகும் என அஞ்சினர்.

பிரிவு

1893 மே மாதம் எடின்பரோவில் கூடிய பொதுப்பேரவையில், ராசே தீவின் போதகர் டொனால்டு மக்ஃபார்லேன் எதிர்ப்புரையை அளித்துவிட்டு வெளியேறினார். ஷீல்டேக் என்னும் ஊரின் போதகர் டொனால்டு மக்டொனால்டு அவருடன் இணைந்தார். ராசேயில் பள்ளி ஆசிரியராகவும் மூப்பராகவும் இருந்த அலெக்சாண்டர் மக்ஃபார்லேன் மூன்றாமவர். அதே ஆண்டு ஜூலையில் இம்மூவரும் கூடிப் புதிய மூப்பர் மன்றத்தை அமைத்தனர். ஆகஸ்டில் பிரிவினை ஆவணம் கையெழுத்தாயிற்று. ஆலயமும் போதகர் இல்லமும் பழைய திருச்சபையின் உடைமைகள் ஆதலால், வெளியேறியவர்கள் அவற்றை இழந்தனர்.

சட்டத்தை எதிர்த்தவர்களில் மிகுதியானோர் உள்ளே இருந்தபடியே போராட விரும்பினர். 1900இல் சுதந்திரத் திருச்சபையின் பெரும்பான்மையினர் ஐக்கிய பிரெஸ்பிட்டேரியன் திருச்சபையுடன் இணைந்தபோது, இவர்கள் இணைய மறுத்துத் தனித்து நின்றனர். சொத்து வழக்கில் பிரபுக்கள் அவை 1904இல் இச்சிறுபான்மையினருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அவர்கள் பின்னர் விளக்கச் சட்டத்தையும் நீக்கினர். இனித் தனித்திருக்கக் காரணம் உண்டா என்ற கேள்வி 1893இல் பிரிந்தவர்களிடையே எழுந்தது. சில போதகர்கள் திரும்பிச் சென்றனர். ஏனையோர் தனித்தே இருந்தனர்.

நம்பிக்கைகளும் வழிபாடும்

விவிலியம் முழுவதும் பிழையற்ற இறைவார்த்தை என்பதும், வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை அதன் சரியான சுருக்கம் என்பதும் இத்திருச்சபையின் அடிப்படை. வழிபாட்டில் கடவுள் கட்டளையிட்டவை மட்டுமே இடம்பெறலாம் என்பது இவர்களின் விதி. ஆகவே இசைக்கருவி இன்றி விவிலியச் சங்கீதங்களை மட்டுமே பாடுவர். விவிலியம் ஆணையிடாத கிறிஸ்துமஸ், உயிர்ப்புப் பெருவிழா ஆகியவற்றைக் கொண்டாடுவதில்லை. ஆங்கில வழிபாட்டில் 1611ஆம் ஆண்டின் மன்னர் ஜேம்ஸ் மொழிபெயர்ப்பையே வாசிப்பர். பெண்கள் வழிபாட்டில் தலையை மூடிக்கொள்வர். ஞாயிறு ஓய்வுநாள் மிகக் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்படும். திருவிருந்து, வியாழன் தொடங்கித் திங்கள் வரை ஐந்து நாள் நிகழ்வாக நடைபெறும். வெள்ளிக்கிழமை அனுபவமிக்க பொதுநிலையினர் உண்மை விசுவாசியின் அடையாளங்களைப் பற்றிப் பேசுவது மேட்டுநில மரபு.

அயல்நாட்டுப் பணி

தென்னாப்பிரிக்கரான ஜான் ராதாசி 1904இல் இத்திருச்சபையின் போதகராகப் பொறுப்பளிக்கப்பட்டு, இன்றைய ஜிம்பாப்வேயில் புலவாயோ அருகே இங்வேன்யாவில் பணியைத் தொடங்கினார். அங்கே பள்ளிகளும், பிற்காலத்தில் உம்பூமா மருத்துவமனையும் உருவாயின.

1989ஆம் ஆண்டின் பிளவு

பிரிட்டனின் அரசத் தலைமை நீதி அமைச்சராக இருந்த மக்கே பிரபு இத்திருச்சபையின் மூப்பர். தம்முடன் பணியாற்றிய கத்தோலிக்க நீதிபதிகள் இருவரின் இறுதித் திருப்பலிகளில் அவர் கலந்துகொண்டார். திருப்பலியை விவிலியத்துக்கு மாறானதாகக் கருதும் திருச்சபை அவரை மூப்பர் பொறுப்பிலிருந்து இடைநிறுத்தியது. 1989இல் உயர் மன்றமும் அதை உறுதிசெய்தது. இறந்தவருக்கு மரியாதை செலுத்துவது வழிபாட்டில் பங்கேற்பதாகுமா, அதைத் தனிமனிதரின் மனச்சான்றுக்கு விட்டுவிடலாமா என்ற வாதம் எழுந்தது. விடலாம் என்றவர்கள் பிரிந்து, இணைந்த பிரெஸ்பிட்டேரியன் திருச்சபைகள் என்ற அமைப்பை நிறுவினர்.

1892இலும் 1989இலும் எழுந்த கேள்வி ஒன்றே: உறுதிமொழி கொடுத்து ஏற்ற கொள்கைக்கு உட்பட்டு, மனச்சான்றுக்கு எவ்வளவு இடம் தரலாம்? இரண்டு முறையும் இத்திருச்சபை கொள்கையின் பக்கமே நின்றது. அதனால் உறுப்பினர்களை இழந்து சிறுத்தது. அதனாலேயே தன் பழைய வடிவம் மாறாமலும் இருக்கிறது.