மலை ஏறும் வண்டியும் கால் நீட்டிப் படுக்கும் வண்டியும்

"மலைக்கு எது நல்ல வண்டி?"னு கார் பிரியர்கள் கிட்ட கேட்டா இன்ஜின், டார்க், கிரவுண்ட் கிளியரன்ஸ்னு ஆரம்பிப்பாங்க.

நான் டாக்டர். எனக்கு முதல் கேள்வி வேற.

பின்னாடி ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்க முடியுமா?

பழைய ஃபோர் வீல் டிரைவ் குடும்ப வண்டிகளோட வரலாறை இந்தக் கேள்வியை வச்சுப் படிச்சா, நம்ம கல்வராயன் மலையோட கதையும் கூடவே வருது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க.

முதல்ல மருத்துவம்.

நிறைமாத கர்ப்பிணியை மல்லாக்கப் படுக்க வச்சா, கனத்த கர்ப்பப்பை பின்னாடி இருக்கிற பெரிய ரத்தக்குழாயை அழுத்தும். இதயத்துக்குத் திரும்புற ரத்தம் குறையும். தலை சுத்தும், பிரஷர் இறங்கும், குழந்தைக்குப் போற ரத்தமும் குறையும். அதனாலதான் இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்றோம். அதுக்கு நீளம் வேணும்.

பிரசவத்துக்குப் பின் வர்ற அதிக ரத்தப்போக்கு இன்னும் மோசம். சிகிச்சை கிடைக்கலைன்னா, தொடங்கினதுல இருந்து மரணம் வரைக்கும் சராசரியா 2 மணி நேரம்தான்.

தாய்மார்கள் ஏன் இறக்கிறாங்கன்னு ஆராய்ஞ்சு 1994ல் தடையஸ், மெய்ன்னு இரண்டு பேர் ஒரு கட்டுரை எழுதினாங்க. மூன்று தாமதம்னு அதைச் சொல்வாங்க. ஆஸ்பத்திரி போகணும்னு முடிவெடுக்கிற தாமதம், போய்ச் சேர்ற தாமதம், சேர்ந்த பிறகு சிகிச்சை கிடைக்கிற தாமதம். நடுவுல இருக்கே, அது வண்டியும் ரோடும் சம்பந்தப்பட்டது.

இப்போ வண்டிக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர்ல ஓடின வில்லிஸ் ஜீப் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். முன் சக்கர நடுவுக்கும் பின் சக்கர நடுவுக்கும் உள்ள தூரம் (வீல்பேஸ்) 80 இன்ச். மொத்த வண்டியே 11 அடிக்கு மேல இல்ல. அதுல இன்ஜின் போக, டிரைவர் சீட் போக, மிச்சம் என்ன இருக்கும்? பின்னாடி இரண்டு பக்கமும் குட்டி பெஞ்ச். உட்காரலாம். படுக்க முடியாது.

போர் முடிஞ்சதும் 1946லேயே அதே வில்லிஸ் கம்பெனி ஒரு ஸ்டேஷன் வேகன் கொண்டு வந்தது. ப்ரூக்ஸ் ஸ்டீவன்ஸ் வடிவமைச்சது. அதுவரைக்கும் அந்த மாதிரி வண்டிக்கு பாடியை மரத்துல செய்வாங்க. இவர் முழுக்க இரும்புத் தகட்டுல செஞ்சுட்டு, மரம் மாதிரி தெரியுறதுக்கு பெயின்ட் அடிச்சார் :)

வீல்பேஸ் 104 இன்ச். 1949ல் அதுக்கு ஃபோர் வீல் டிரைவும் வந்துடுச்சு. குடும்பமே ஏறலாம், பின் சீட்டை எடுத்துட்டா ஆளைப் படுக்க வைக்கலாம், சேத்துலயும் போகும். எல்லாம் ஒரே வண்டியில.

அப்புறம் வரிசையா வந்தது. 1957ல் செவர்லே சபர்பனுக்கு கம்பெனியே ஃபோர் வீல் போட்டுக் கொடுத்தது. 1962 கடைசியில ஜீப் வேகனீர். அதுவும் ஸ்டீவன்ஸ் கைவேலைதான். 110 இன்ச், ஆட்டோமேட்டிக் கியர் கூட உண்டு. சின்னச் சின்ன மாற்றத்தோட 1991 வரைக்கும் ஓடுச்சு.

இங்கிலாந்துல லேண்ட் ரோவர் 109 இன்ச் ஸ்டேஷன் வேகன். அதுல 12 சீட் மாடல் ஒண்ணு. ஏன் 12? அத்தனை சீட் இருந்தா பஸ் கணக்குல வந்து வரி மிச்சமாகும். வரி ஏய்க்கிற மூளை எல்லா நாட்டுலயும் ஒண்ணுதான் போல. இதே 109 நீளத்துலதான் அவங்க ராணுவத்துக்கு ஆம்புலன்ஸும் செஞ்சாங்க.

இந்த வண்டிகள்ல எது சிறந்ததுன்னு கேட்டா, சொகுசுக்கு வேகனீர். நோயாளிக்கு என் ஓட்டு இவங்க யாருக்கும் இல்ல. டொயோட்டா லேண்ட் க்ரூசருக்குத்தான். 1984ல் வந்த 70 சீரிஸ்ல இருக்கிற நீளமான மாடல்தான் இன்னைக்கும் ஆப்பிரிக்கக் கிராமங்கள்ல செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் ஐ.நா.வுக்கும் ஆம்புலன்ஸா ஓடுது. எளிமையான டீசல் இன்ஜின், லீஃப் ஸ்பிரிங். பட்டறையில சுத்தியலும் ஸ்பானரும் இருந்தா பெரும்பாலான ரிப்பேர் பார்த்துடலாம்.

சரி, நம்ம நாடு?

சுதந்திரத்தையொட்டிய ஆண்டுகள்ல மஹிந்திரா வில்லிஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பிச்சது. அப்புறம் இங்கேயே தயாரிப்பு. நமக்கு நிலைச்சது அந்தக் குட்டி ஜீப். சிஜே 3பி, அதே 80 இன்ச். பின்னாடி வந்த எம்எம் 540க்கு 91 இன்ச்.

1952ல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்குது. வட்டாரத்துக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். பிடிஓ ஆபீஸ்லயும் ஜீப், சுகாதார நிலையத்துலயும் ஜீப். யுனிசெப்பும் வண்டி கொடுத்தது. பெரியம்மை ஒழிப்பு, குடும்பக் கட்டுப்பாடு எல்லாமே ஜீப்ல ஏறித்தான் ஊருக்குள்ள போச்சு. ஊசி போடுறவங்களைக் கொண்டு போய் இறக்க அது அருமையான வண்டி. ஆனா ஒரு தாயைக் கீழே கொண்டு வர?

கல்வராயன் மலைக்கு வாங்க.

கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணைப் பக்கமா ஏறினா வெள்ளிமலை. சேலம் பக்கம் கருமந்துறை. சின்னக் கல்வராயன் சுமார் 2,700 அடி, பெரிய கல்வராயன் சுமார் 4,000 அடி. மலையாளி பழங்குடி மக்கள் வாழ்ற மலை. (மலையில ஆள்றவங்க, வாழ்றவங்கன்னு அர்த்தம். கேரளாவுக்கும் இந்தப் பேருக்கும் சம்பந்தம் இல்ல.)

இங்கே சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர்னு மூன்று ஜாகீர்தார்கள் கையில்தான் நிலம் இருந்தது. அரசாங்கம் அதை எடுத்துக்கிட்டது 1976ல். நாடு சுதந்திரமாகி 29 வருஷம் கழிச்சு! அதுக்கப்புறம்தானே ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் வேகம் பிடிக்க முடியும்?

அதுவரைக்கும் டோலிதான். மூங்கில் கம்புல போர்வையோ புடவையோ கட்டி, நோயாளியைப் படுக்க வச்சு, ஆள் மாத்தி ஆள் தூக்கிட்டு இறங்குறது. யோசிச்சுப் பாருங்க, டோலியில படுக்க முடியும். சேத்துல போகும். வேகம் மட்டும்தான் இல்ல. 2 மணி நேரக் கணக்குல அது ஒண்ணு போதும், ஆள் போயிடும்.

80கள் கடைசியில பஜாஜ் டெம்போ டிராக்ஸ் வந்தது. 90கள்ல மஹிந்திரா கமாண்டர், அர்மடா. 1994ல் டாடா சுமோ. 2000ல் பொலேரோ. நம்ம ஊருக்கு ஒருவழியா நீள வண்டி வந்துச்சு. சந்தைக்கு, கல்யாணத்துக்கு, ஆஸ்பத்திரிக்கு எல்லாத்துக்கும் அதான்.

ஆனா நீளம் வந்த இடத்துல முன் ஆக்சில் போயிடுச்சு.

சில மாடல்ல ஃபோர் வீலும் கிடைச்சது. யார் வாங்குவா? ஷேர் ஜீப் ஓட்டுறவருக்குத் தலைக்கு இவ்வளவுன்னு வருமானம். ஃபோர் வீல்னா விலை கூட, எடை கூட, டீசல் கூட. கடன்ல வண்டி எடுத்தவரு டூ வீல் தான் எடுப்பாரு. அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல. மழை இல்லாத நாள்ல தார் ரோட்டுக்கு அது போதும்.

மழை பெஞ்சா? தார் முடியுற இடத்துல வண்டியும் நின்னுடும். அதுக்கு மேல இருக்கிற ஊருக்கு மறுபடியும் டோலி.

ஏற முடிஞ்ச வண்டியில படுக்க முடியாது, படுக்க முடிஞ்ச வண்டி ஏறாது. 1949ல் அமெரிக்க விவசாயி வீட்டு வாசல்ல ஒண்ணா நின்ன இரண்டும் நம்ம மலையில பல பத்தாண்டுகள் தனித்தனியாவே இருந்துச்சு.

2008ல் தமிழ்நாட்டுல 108 வந்தது. பெரிய மாற்றம், சந்தேகமே இல்ல. 2022ல் கள்ளக்குறிச்சியில அரசு மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. ரத்த வங்கி, ஆபரேஷன் தியேட்டர்னு மூணாவது தாமதத்துக்குப் பதில் மலையடிவாரத்துக்குப் பக்கத்துல வந்துடுச்சு.

நடுவுல இருக்கிற இரண்டாவது தாமதம்? 2024ல் விஷச்சாராய மரணங்களுக்குப் பிறகு, கல்வராயன் மலை மக்களோட அடிப்படை வசதிகளைப் பத்தி சென்னை உயர் நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கு எடுத்தது. அங்கேயும் பேச்சு ரோடு, பஸ் பத்தி வந்தது.

அதே 2024ல்தான் ஐந்து கதவு கூர்காவும், ஐந்து கதவு தார் ராக்ஸும் வந்தது. நீளமும் ஃபோர் வீலும் ஒண்ணா. ராக்ஸ் வீல்பேஸ் 2,850 மில்லிமீட்டர், இன்ச் கணக்குல 112. பழைய வேகனீரை விட இரண்டு இன்ச் அதிகம். லீவு நாள்ல மேகம் அருவிக்கு இந்த மாதிரி வண்டி வரும். நல்லா இருக்கும் பார்க்க.

அப்படி ஏறுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வழியில யாராச்சும் கர்ப்பிணியோட நின்னா பின் சீட்டை மடக்கி, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வையுங்க. ஒருத்தர் கூடவே உட்கார்ந்து பிடிச்சுக்கணும். 108க்கு அடிச்சு, எந்த இடத்துல எதிர்ல வருவாங்கன்னு கேட்டுட்டு இறங்குங்க.

வெள்ளிமலை, கரியாலூர், கருமந்துறைப் பக்கம் அந்தக் காலத்து அரசு ஜீப் ஓட்டின டிரைவர்கள், கிராம சுகாதார செவிலியர்கள் யாராவது உங்க சொந்தத்துல இருந்தா கமெண்ட்ல சொல்லுங்க. எந்த ஊர் வரைக்கும் ஜீப் போச்சு, எங்கேயிருந்து தூக்கிட்டு வந்தாங்கன்னு கேட்டு எழுதுங்க.